ஹென்றி ஷெஃப்லின்: பத்து ஆல் அயர்லாந்து பதக்கங்கள் வென்ற ஹர்லிங் வீரர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஹென்றி ஷெஃப்லின்?

அயர்லாந்தின் கில்கென்னி கவுண்டிக்காக (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) 1999 முதல் 2014 வரை ஹர்லிங் ஆடியவர். 1979 ஜனவரி 11ஆம் தேதி பிறந்தார். சொந்த ஊர் பாலிஹேல் என்ற சின்ன கிராமம். பெற்றோர் அங்கே ஒரு மதுக்கடை நடத்தினார்கள். ஹர்லிங்கில் மிகப் பெரிய பட்டமான ஆல் அயர்லாந்து சாம்பியன்ஷிப்பைப் பத்து முறை வென்ற அணிகளில் இருந்தவர். அவருக்கு முன் யாரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. ரசிகர்கள் அவரை 'கிங் ஹென்றி' என்றுதான் அழைக்கிறார்கள்.

ஹர்லிங் என்பது ஹாக்கி மாதிரியா?

மட்டையும் பந்தும் இருப்பதால் அப்படித் தோன்றும். பார்க்க ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்திலேயே அந்த எண்ணம் போய்விடும். ஹாக்கியில் பந்து பெரும்பாலும் தரையில் ஓடும், ஹர்லிங்கில் பெரும்பாலும் வானத்தில் பறக்கும்.

ஒரு அணிக்கு 15 பேர். கவுண்டி அணிகள் மோதும் சீனியர் ஆட்டம் 70 நிமிடம். மைதானத்தின் நீளம் 130 முதல் 145 மீட்டர், அதாவது கால்பந்து மைதானத்தைவிட நன்றாகவே பெரியது. மட்டைக்குப் பெயர் ஹர்லி. ஆஷ் மரத்தின் அடிப்பகுதியில், வேர் வளைந்து பிரியும் இடத்தில் வெட்டிச் செய்வார்கள். அந்த வளைவில் மரத்தின் ரேகை ஓடினால்தான் மட்டை உடையாமல் தாங்கும். பந்துக்குப் பெயர் ஸ்லிட்டர். உள்ளே கார்க், வெளியே தோல், அதன் மேல் துருத்தி நிற்கும் தையல் விளிம்பு. எடை 110 முதல் 120 கிராம்.

கோல் கம்பம் ஆங்கில எச் எழுத்து வடிவில் இருக்கும். குறுக்குக் கம்பிக்கு மேலே பந்து போனால் 1 பாயிண்ட், கீழே வலைக்குள் போனால் ஒரு கோல். ஒரு கோலுக்கு 3 பாயிண்ட் மதிப்பு. ஸ்கோர் எழுதும்போது கோலையும் பாயிண்டையும் கூட்டாமல் தனித்தனியாக எழுதுவார்கள். 3-22 என்றால் 3 கோல், 22 பாயிண்ட். மொத்தம் 31.

பந்தைக் கையால் தொடலாமா?

தொடலாம், ஆனால் தரையில் கிடக்கும் பந்தை நேராகக் கையால் எடுக்கக் கூடாது. மட்டையால் நெம்பிக் கைக்குக் கொண்டுவர வேண்டும். கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிக்கு மேல் ஓடவும் கூடாது. அதற்கு மேல் ஓட வேண்டுமென்றால் மட்டையின் தட்டையான முனையில் பந்தை நிறுத்திக்கொண்டு ஓட வேண்டும். இடித்துத் தள்ள எதிரணியினர் துரத்தும்போது இதைச் செய்ய வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அவருக்கு எவ்வளவு சம்பளம்?

ஒன்றும் கிடையாது. முதல் முறை கேட்கும் எல்லாரும் நம்ப மறுக்கும் விஷயம் இதுதான்.

ஹர்லிங்கை நடத்துவது கேலிக் அத்லெடிக் அசோசியேஷன். 1884 நவம்பர் 1ஆம் தேதி தர்லெஸ் நகரில் ஹேய்ஸ் ஹோட்டலில் தொடங்கப்பட்ட அமைப்பு. அன்றிலிருந்து இன்றுவரை ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தருவதில்லை. பயணச் செலவு, சாப்பாடு, சிறிய அளவில் அரசு உதவித்தொகை, இவ்வளவுதான். 82,000 பேர் உட்காரும் குரோக் பார்க் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி ஆடுகிறவர் வார நாட்களில் ஆசிரியராகவோ விவசாயியாகவோ எலக்ட்ரீஷியனாகவோ வேலை பார்ப்பார். ஷெஃப்லின் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். பகலில் வாடிக்கையாளர்களைப் பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்குப் போவார்.

இன்னொன்றும் உண்டு. இங்கே ஏலம் கிடையாது, பணம் கொடுத்து ஆளை இழுப்பதும் கிடையாது. பிறந்த ஊர் கிளப்புக்கு ஆடுவார்கள், அந்த ஊர் இருக்கும் கவுண்டிக்கு ஆடுவார்கள். ஷெஃப்லின் வாழ்நாள் முழுக்க ஆடிய கிளப் பாலிஹேல் ஷாம்ராக்ஸ் மட்டும்தான், ஆடிய கவுண்டி கில்கென்னி மட்டும்தான். அவரது கதையைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் காயங்கள், அறுவைச் சிகிச்சைகள், மீண்டு வந்த பாடுகள் எல்லாமே சம்பளமில்லாத ஒரு மனிதர் பட்டவை.

சின்ன வயதிலேயே பெரிய நட்சத்திரமாக இருந்தாரா?

திறமைசாலிதான். ஆனால் 'இவன்தான் அடுத்த ராஜா' என்று ஊரே பேசிய பையன் இல்லை. கில்கென்னியில் செயின்ட் கீரன்ஸ் கல்லூரி என்று ஒரு பள்ளி இருக்கிறது. ஹர்லிங் வீரர்களை உருவாக்குவதில் அயர்லாந்திலேயே பேர் பெற்ற பள்ளி. 1996இல் ஆல் அயர்லாந்து பள்ளிகள் பட்டம் வென்ற அதன் அணியில் அவர் இருந்தார். பிறகு வாட்டர்ஃபோர்டில் படிக்கும்போது 1999, 2000 இரண்டு ஆண்டும் கல்லூரிகளுக்கான ஃபிட்ஸ்கிப்பன் கோப்பை வந்தது. அந்தச் சமயத்தில்தான் உடம்பும் ஆட்டமும் சேர்ந்து வளர்ந்தன.

கில்கென்னி சீனியர் அணிக்கு எப்போது வந்தார்?

1999இல். அதே ஆண்டுதான் பிரையன் கோடி பயிற்சியாளராகத் தன் முதல் பருவத்தைத் தொடங்கினார். கோடி 2022 வரை அந்தப் பொறுப்பில் இருந்து 11 ஆல் அயர்லாந்து பட்டங்கள் வென்றார். அதில் பத்தில் ஷெஃப்லின் உண்டு. இருவர் பயணமும் ஒன்றாகத் தொடங்கியது என்பது பின்னால் நடந்த ஒரு சம்பவத்துக்கு முக்கியம், அதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

முதல் ஆண்டு தோல்வியில் முடிந்தது. 1999 இறுதிப் போட்டியில் கார்க் அணி 0-13, கில்கென்னி 0-12. ஒரே ஒரு பாயிண்ட். அடுத்த ஆண்டு ஆஃபலி அணியை 5-15க்கு 1-14 என்று நொறுக்கினார்கள். ஷெஃப்லின் அந்த இறுதிப் போட்டியில் 2 கோல், 3 பாயிண்ட் அடித்தார். வயது 21.

எந்தெந்த ஆண்டுகளில் பட்டம் வென்றார்?

2000, 2002, 2003, 2006, 2007, 2008, 2009, 2011, 2012, 2014.

2006 முதல் 2009 வரை தொடர்ந்து நான்கு. அதற்கு முன் கார்க் அணி மட்டும்தான் 1941 முதல் 1944 வரை இப்படி நான்கு தொடர்ந்து வென்றிருந்தது. இந்தப் பட்டியலில் 2008ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். வாட்டர்ஃபோர்டை 3-30க்கு 1-13 என்று வென்ற அந்த ஆட்டம், ஒரு அணி எவ்வளவு முழுமையாக ஆட முடியும் என்பதற்குச் சாட்சி. எனக்கு அதைவிட அடுத்த ஆண்டு இறுதி பிடிக்கும். காரணம் கீழே வருகிறது.

எந்த இடத்தில் ஆடினார்? அவரது பலம் என்ன?

முன்வரிசையின் நடுவில் 11ஆம் எண் இடம்தான் அவருக்குப் பொருந்திய இடம். தேவைப்பட்டால் ஓரத்திலும், கோலுக்கு அருகிலும் நிறுத்துவார்கள். உயரம் ஆறடிக்கு மேல்.

அவரைவிட வேகமாக ஓடியவர்கள் உண்டு. கண்ணுக்கு அழகாக மட்டை சுழற்றியவர்களும் உண்டு. ஷெஃப்லினிடம் இருந்தது அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளும் புத்தி. பந்து எங்கே விழும் என்று கணித்து, எல்லாருக்கும் அரை நொடி முன்னால் அங்கே நிற்பார். கோல்கீப்பர் அடிக்கும் நீளமான பந்துக்குத் தாவி எழும்போது, தன்னால் பிடிக்க முடியாது என்று தெரிந்தால் எதிராளியும் பிடிக்காதபடி தட்டி, கீழே ஓடிவரும் தோழனுக்கு விழச் செய்வார். ஸ்கோர் அட்டையில் இதற்கெல்லாம் எண் கிடையாது. பந்தை இழந்தால் திரும்பி ஓடிப்போய், அதை வைத்திருப்பவரின் மட்டை மீது தன் மட்டையைப் போட்டுத் தடுப்பார். முன்வரிசை ஆட்டக்காரர் தற்காப்பும் செய்ய வேண்டும் என்பது கோடியின் கட்டளை. அதை முதலில் செய்து காட்டுகிறவர் அணியின் பெரிய நட்சத்திரமே என்றால், மற்றவர்கள் எப்படி மறுப்பார்கள்?

அப்புறம் ஃப்ரீ அடிப்பது. எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் தனி அடி அது. தரையில் கிடக்கும் பந்தைக் குனிந்து மட்டையால் மேலே எழுப்பி, கையால் தொடாமல், காற்றில் இருக்கும்போதே அடித்து 60, 70 மீட்டர் தள்ளியிருக்கும் கம்பத்துக்கு நடுவே அனுப்ப வேண்டும். எழுப்பும் பந்து ஓர் அங்குலம் தள்ளிப் போனாலும் அடி கோணலாகிவிடும். ஷெஃப்லின் ஆண்டுக்கணக்கில் ஒரே மாதிரி செய்தார்: பந்தைப் பார்ப்பார், தலையை நிமிர்த்திக் கம்பத்தை ஒருமுறை பார்ப்பார், குனிவார், அடிப்பார்.

மொத்தம் எவ்வளவு அடித்திருக்கிறார்?

71 சாம்பியன்ஷிப் ஆட்டங்களில் 27 கோல், 484 பாயிண்ட். கூட்டினால் 565. ஓய்வு பெறும்போது அதுதான் சாதனை. 2021இல் கால்வே வீரர் ஜோ கேனிங் தன் கடைசி ஆட்டத்தில் அதைத் தாண்டினார். அந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடியும் வரும்.

ஆண்டின் சிறந்த 15 பேருக்குத் தரும் ஆல் ஸ்டார் விருதை 11 முறை வாங்கினார். ஆண்டின் சிறந்த ஹர்லர் விருது 2002, 2006, 2012 என்று மூன்று முறை. 2002க்கும் 2012க்கும் நடுவே பத்து ஆண்டுகள். அவ்வளவு காலம் உச்சத்தில் நின்றது எனக்கு எண்ணிக்கையைவிடப் பெரிதாகப் படுகிறது.

2007இல் என்ன ஆயிற்று?

அந்த ஆண்டு அவர்தான் அணித்தலைவர். இறுதிப் போட்டி லிமெரிக்கோடு. முதல் பாதியிலேயே முழங்காலின் குறுக்குத் தசைநார் கிழிந்துவிட்டது. இடைவேளைக்குப் பிறகு ஆட முடியவில்லை. கில்கென்னி 2-19க்கு 1-15 என்று வென்றது.

அந்தக் கோடையில் அணித் தோழர் ஒருவரின் மனைவி சாலை விபத்தில் இறந்திருந்தார். அணியே நிலைகுலைந்து போயிருந்தது. ஆல் அயர்லாந்து சாம்பியனுக்குத் தரும் லியம் மெக்கார்த்தி கோப்பையை வாங்க மேடையேறிய ஷெஃப்லின், அந்தத் தோழரின் சின்ன மகனைப் பக்கத்தில் அழைத்து, இருவருமாகச் சேர்ந்து கோப்பையை உயர்த்தினார்கள். அணித்தலைவராக அவர் வென்ற கோப்பை, அதுவும் முழங்கால் கிழிந்த நிலையில். அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியது இதுதான். அவரைப் பற்றி ஒரே ஒரு சம்பவம் சொல்லச் சொன்னால் நான் ஸ்கோர் எதையும் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

2009 பெனால்டியைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

நான்காவது தொடர் பட்டத்துக்கான ஆட்டம் அது. எதிரணி டிப்பரரி அன்று பிரமாதமாக ஆடியது. கடைசிப் பத்து நிமிடம் நெருங்கும்போது டிப்பரரி இரண்டு பாயிண்ட் முன்னிலையில் இருந்தது. கில்கென்னிக்கு பெனால்டி கிடைத்தது. கொடுத்தது சரியா என்று இன்றும் டிப்பரரியில் சண்டை உண்டு.

அக்காலத்து விதிப்படி பெனால்டியின்போது கோல் கோட்டில் மூன்று பேர் நிற்பார்கள். (2015இல்தான் கோல்கீப்பர் மட்டும் நிற்கலாம் என்று மாற்றினார்கள்.) மூன்று மட்டைகளுக்கு நடுவே பந்தைப் புகுத்த வேண்டும். ஷெஃப்லின் எழுப்பி ஓங்கி அடித்தார், வலை ஆடியது. அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் கில்கென்னியின் மார்ட்டின் கோமர்ஃபோர்ட் இன்னொரு கோல் போட்டார். முடிவு 2-22க்கு 0-23.

2010இல் காயத்தோடு ஆடியது முட்டாள்தனம் இல்லையா?

ஐந்தாவது தொடர் பட்டம் யாருமே வெல்லாதது. அரையிறுதியில் கார்க்கோடு ஆடும்போது மறுபடியும் குறுக்குத் தசைநார் கிழிந்தது. இறுதிக்கு நான்கு வாரம்தான். சாதாரணமாக இதற்கு அறுவைச் சிகிச்சையும் பல மாத ஓய்வும் தேவை. அவர் லிமெரிக்கில் ஜெர் ஹார்ட்மன் என்ற சிகிச்சையாளரிடம் போய், தொடைத் தசைகளை வலுவாக்கி முழங்காலைத் தாங்க வைக்கும் கடும் பயிற்சியில் இறங்கினார். இறுதிக்கு முன் நௌலன் பார்க் மைதானத்தில் நடந்த பயிற்சியைப் பார்க்கவே ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அவர் ஓடுகிறாரா, திரும்புகிறாரா என்பது நாட்டின் தலைப்புச் செய்தி.

ஆடினார். முதல் கால் மணி நேரம் முடிவதற்குள் முழங்கால் கைவிட்டது, வெளியேறினார். லார் கார்பெட் மூன்று கோல் போட, டிப்பரரி 4-17க்கு 1-18 என்று வென்றது. ஐந்தாவது பட்டக் கனவு அங்கே முடிந்தது.

முட்டாள்தனமா என்று கேட்டால், மருத்துவக் கணக்கில் ஆபத்தான முடிவுதான். இளம் ஆட்டக்காரர் யாருக்கும் நான் இதைச் சொல்லிக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த வயதில், அந்த வாய்ப்பு கண்முன் நிற்கும்போது, வீட்டில் உட்கார்ந்து பார்க்க அவரால் முடிந்திருக்காது என்பதும் புரிகிறது. ஓராண்டுக்குள் திரும்பி வந்து 2011 இறுதியில் அதே டிப்பரரியை 2-17க்கு 1-16 என்று வென்ற அணியில் இருந்தார்.

அவரது சிறந்த ஆண்டு எது?

பலர் 2002 அல்லது 2006 என்பார்கள். 2006இல் கார்க் அணியின் மூன்றாவது தொடர் பட்டத்தைத் தடுத்தது பெரிய விஷயம்தான். ஆனாலும் என் கட்சி 2012.

வயது 33. தோள்பட்டை அறுவைச் சிகிச்சையால் லீக் பருவம் போய்விட்டது. லெய்ன்ஸ்டர் மாகாணப் போட்டியின் இறுதியில் கால்வே அணி கில்கென்னியை 2-21க்கு 2-11 என்று அடித்துப் போட்டது. கதை முடிந்தது என்று எழுதாத ஆள் இல்லை. இரண்டே மாதத்தில், செப்டம்பர் 9ஆம் தேதி, ஆல் அயர்லாந்து இறுதியில் அதே கால்வே. இடைவேளையில் கால்வே 1-9, கில்கென்னி 0-7. ஐந்து பாயிண்ட் பின்தங்கியிருந்தார்கள்.

இரண்டாம் பாதியில் ஷெஃப்லின் ஆட்டத்தைக் கையில் எடுத்தார். உயரப் பந்துகளைப் பிடித்தார், ஃப்ரீகளை வாங்கினார், அடித்தார். அணியின் 19 பாயிண்டில் 12 அவருடையது. கடைசி நிமிடங்களில் ஸ்கோர் சமமாக இருக்கும்போது ஒரு பெனால்டி. எல்லாரும் 2009ஐ நினைத்தார்கள், வலையை நோக்கி ஓங்கி அடிப்பார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் நிதானமாகக் கம்பிக்கு மேலே தட்டி ஒரு பாயிண்ட் எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு ஜோ கேனிங், ஆட்டம் நின்ற நேரத்துக்காகக் கடைசியில் சேர்த்துத் தந்த நிமிடங்களில், ஒரு ஃப்ரீயை அடித்துச் சமன் செய்தார். 0-19, 2-13. கோலுக்குப் போயிருந்தால் அன்றே ஜெயித்திருக்கலாமே என்று விமர்சனம் வந்தது. 2009இல் இரண்டு பாயிண்ட் பின்னால் இருந்தார்கள், கோல் தேவைப்பட்டது. 2012இல் சமநிலை, மூன்று பேர் வழியை மறிக்கிறார்கள், நிச்சயமான ஒரு பாயிண்ட் முன்னிலை தரும். இரண்டு முறையும் அவர் செய்தது சரி என்றே நான் சொல்வேன்.

செப்டம்பர் 30ஆம் தேதி மறு ஆட்டத்தில் கில்கென்னி 3-22க்கு 3-11 என்று வென்றது. அவருக்கு ஒன்பதாவது பதக்கம். கார்க்கின் கிறிஸ்டி ரிங், டிப்பரரியின் ஜான் டாயில் இருவரும் எட்டில் நின்றவர்கள். இறுதிகளில் களமிறங்கி ஆடி ஒன்பது வென்ற முதல் ஆள் ஷெஃப்லின்தான்.

சிவப்பு அட்டை வாங்கியதுண்டா?

ஒரு முறை. 2013இல் கார்க்குக்கு எதிரான காலிறுதியில் இரண்டாவது மஞ்சள் அட்டையால் வெளியேற்றப்பட்டார். சாம்பியன்ஷிப்பில் அதுவே முதல் முறை.

எப்போது ஓய்வு பெற்றார்?

2014இல் அவர் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர் வரிசையில்தான் இருந்தார். இறுதிப் போட்டியில் டிப்பரரியோடு சமநிலை, பிறகு மறு ஆட்டத்தில் 2-17க்கு 2-14 வெற்றி, பத்தாவது பதக்கம். அடுத்த மார்ச் 17ஆம் தேதி பாலிஹேல் ஷாம்ராக்ஸ் கிளப்போடு ஆல் அயர்லாந்து கிளப் பட்டம் வென்றார். 2007, 2010க்குப் பிறகு அது மூன்றாவது கிளப் பட்டம். எட்டு நாள் கழித்து, 2015 மார்ச் 25ஆம் தேதி, கவுண்டி ஆட்டத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார்.

பயிற்சியாளராக எப்படி?

தொடக்கம் அருமை. தன் கிளப்பான பாலிஹேலை 2019, 2020 இரண்டு ஆண்டும் ஆல் அயர்லாந்து கிளப் பட்டத்துக்குக் கொண்டுபோனார். 2021 அக்டோபரில் கால்வே கவுண்டியின் பயிற்சியாளரானபோது பலருக்கும் ஆச்சரியம். கில்கென்னி மகன் எதிரணிப் பக்கம் நிற்கிறார், கில்கென்னி பக்கம் இன்னும் கோடி.

2022 மே மாதம் கால்வேயின் சொந்த மைதானம் இருக்கும் சால்ட்ஹில்லில் கில்கென்னியைக் கால்வே ஒரு பாயிண்ட் வித்தியாசத்தில் வென்றது. ஆட்டம் முடிந்து இருவரும் கைகொடுத்த விதத்தில் சிரிப்பே இல்லை. அந்தக் கைகுலுக்கலைப் பற்றி வாரக்கணக்கில் பேசினார்கள். அடுத்த மாதம் லெய்ன்ஸ்டர் இறுதியில் கோடியின் அணி 0-22க்கு 0-17 என்று வென்றது. பதினாறு ஆண்டு ஒரே அறையில் இருந்தவர்கள். ஆட்ட நாளில் இருவரும் தத்தம் அணிக்காகத்தான் நின்றார்கள். அதில் நான் பகையைப் பார்க்கவில்லை.

2022, 2023 இரண்டு முறையும் கால்வே அரையிறுதியில் லிமெரிக்கிடம் தோற்றது. 2023 லெய்ன்ஸ்டர் இறுதி இன்னும் கொடுமை: ஆட்டத்தின் கடைசி அடியில் கில்கென்னியின் கிலியன் பக்லி கோல் போட்டு வெற்றியைப் பறித்தார். 2024இல் லெய்ன்ஸ்டர் சுற்றையே தாண்டவில்லை, ஜூலையில் பொறுப்பை விட்டார். கால்வேயில் அவர் தோற்றுவிட்டார் என்று ஒரே வரியில் சொல்கிறவர்கள் அப்போது லிமெரிக் எப்படிப்பட்ட அணியாக இருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கிறிஸ்டி ரிங் பெரியவரா, ஷெஃப்லினா?

கார்க்கில் இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். ரிங் 1941 முதல் 1954 வரை எட்டுப் பட்டங்கள் வென்றவர். அக்காலத்தில் ஒரு தோல்வி என்றால் ஆண்டே முடிந்தது. ஷெஃப்லின் காலத்தில் தோற்ற அணிக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு, 2012 பட்டமே அப்படி வந்ததுதான். மறுபக்கம், ஷெஃப்லின் காலத்தில் உடல் தகுதியும் எதிரணியை ஆராய்வதும் வேறு தளத்துக்குப் போய்விட்டன. ரிங்கின் ஆட்டம் பெரும்பாலும் சொல்லக் கேட்டது, ஷெஃப்லினின் ஆட்டம் கண்ணால் பார்த்தது. நான் பார்த்தவரைச் சொல்கிறேன்.

ஹர்லிங்கே பார்த்ததில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

2012 முதல் இறுதிப் போட்டியின் இரண்டாம் பாதி. 35 நிமிடம்தான். கறுப்பும் மஞ்சளும் கோடு போட்ட சட்டை கில்கென்னி, அரக்குச் சிவப்பு கால்வே. முதல் தடவை பந்தைத் துரத்திப் பாருங்கள், கண் தடுமாறும், பரவாயில்லை. இரண்டாவது தடவை பந்தை விட்டுவிட்டு ஷெஃப்லினை மட்டும் பாருங்கள். பந்து தன் பக்கம் வருவதற்கு முன் அவர் எத்தனை முறை இடம் மாறி நிற்கிறார் என்று எண்ணுங்கள். அதன் பிறகு 2009 இறுதிக்குப் போகலாம்.